பழைய டீசல் கார் வாங்கப் போறீங்களா? பணம் கொடுக்கும் முன் கம்ப்ரஷன் பாருங்க

கிளியனூர், மரக்காணம் பக்கம் பழைய கார் பார்க்கப் போறவங்க முதல்ல குனிஞ்சு வண்டிக்கு அடியிலதான் பார்ப்பாங்க. உப்புக்காத்து தகரத்தைத் தின்னுடும்னு எல்லாருக்கும் தெரியும். துரு கண்ணுக்குத் தெரியும், பேரம் பேசிக் குறைக்கலாம். சேமிப்பைக் காலி பண்றது கண்ணுக்குத் தெரியாத இன்ஜின்தான்.

ஒரு கணக்கு போடுவோம். 2010-ல் பதிவான டீசல் இன்டிகா, விலை 1,40,000 ரூபாய். நகையை வச்சு, மாசம் நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டியில் வாங்குறீங்க. வட்டி மட்டும் மாசம் 1,400. மூணாவது மாசம் மெக்கானிக் “ரிங் போயிடுச்சு, இன்ஜின் இறக்கணும்” என்கிறார். அதுக்கு 55,000 என்று வைங்க (உங்க ஊர் ரேட்டைக் கேட்டு மாத்திக்குங்க). இப்போ கடன் 1,95,000, வட்டி 1,950. வண்டியோ ஷெட்டில். அது ஐப்பசி மழை நேரமா இருந்தா உப்பளத்திலும் வேலை இருக்காது. இதோட, 15 வருஷம் முடிஞ்ச காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600-லிருந்து 5,000 ஆயிடுச்சு. பசுமை வரி தனி. புதுச்சேரி நம்பர் வண்டின்னா என்ஓசி வாங்கி, தமிழ்நாட்டு வரியும் கட்டணும்.

சரி, கம்ப்ரஷன்னா என்ன? பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் ப்ளக் தீப்பொறி கொடுக்கும். டீசலில் அது கிடையாது. பிஸ்டன் காற்றை நசுக்குற நசுக்கில் சூடு 500 டிகிரியைத் தாண்டும். அதில் டீசல் தானா பத்திக்கும். ரிங், வால்வு, ஹெட் கேஸ்கெட் மூணில் எது கசிஞ்சாலும் அந்தச் சூடு வராது. அதனால்தான் கம்ப்ரஷன் குறைஞ்ச வண்டி காலையில் செல்ஃப் இழுத்துக்கிட்டே இருக்கும், ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப்புகை தள்ளும். சூடானதும் ஒழுங்கா ஓடும்! விக்கிறவருக்கும் இது தெரியும். “பத்து மணிக்கு வாங்க”ன்னா நீங்க ஏழுக்கே போங்க. போனதும் பானெட்டில் கை வைங்க. சூடா இருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிட்டு வந்துடுங்க.

காசில்லாத சோதனை ஒண்ணு: இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊத்துற மூடியைக் கழட்டி, அதே வாயில் தலைகீழா வைங்க. டீசலில் மூடி லேசா ஆடுவது சகஜம். தூக்கி எறிஞ்சாலோ, புகை குபுகுபுன்னு வந்தாலோ அதுதான் மெக்கானிக்குங்க சொல்ற பேக் கம்ப்ரஷன்: எரிந்த வாயு ரிங்கைத் தாண்டி ஆயில் பக்கம் இறங்குது. ஆனா கெட்டி ஆயில் ஊத்தி இதைக் கொஞ்ச நாள் மறைக்க முடியும்.

மறைக்க முடியாதது கேஜ். பெட்ரோல் கேஜ் இதுக்கு ஆகாது. டீசலுக்குன்னு தனி கேஜ் வேணும். இன்ஜினைச் சூடாக்கி, முழு சார்ஜில் பேட்டரி வச்சு, டீசல் சப்ளையைத் துண்டிச்சு, க்ளோ ப்ளக் அல்லது இன்ஜெக்டர் இருந்த ஓட்டையில் கேஜை மாட்டி அஞ்சாறு சுத்து செல்ஃப் அடிக்கணும். நாலு சிலிண்டரையும் இப்படிப் பார்த்து எழுதிக்கணும்.

பொதுவா நல்ல டீசல் இன்ஜின் 25 முதல் 30 பார் காட்டும், அதாவது 360-லிருந்து 435 பிஎஸ்ஐ. உங்க இன்ஜினுக்கான சரியான எண் கம்பெனி மேனுவலில் இருக்கும். அதைவிட முக்கியம் நாலுக்கும் உள்ள வித்தியாசம். 28, 27, 19, 27 வந்தா மூணாவதில் வால்வோ ரிங்கோ போயிருக்கு. பக்கத்துப் பக்கத்து ரெண்டு மட்டும் குறைஞ்சா, நடுவில் ஹெட் கேஸ்கெட் விட்டிருக்கலாம். நம்ம கரையோரத்தில் இதைக் கூடுதலா சந்தேகப்படுங்க. கூலன்ட்டுக்குப் பதிலா உப்புப் போர் தண்ணியை ஊத்தினா ரேடியேட்டர் அடைச்சு இன்ஜின் ஹீட்டாகும், கேஸ்கெட் போகும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணி நிறத்தையும் பாருங்க, இன்ஜின் ஆறின பிறகு மட்டும்.

நாலுமே ஒரே மாதிரி குறைஞ்சா மொத்தத் தேய்மானம். ஏர் ஃபில்டரைக் கவனிக்காம வானூர் செம்மண் புழுதியில் ஓட்டின வண்டியில் இது வரும். ஆனா தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி பேட்டரியையும், இன்டிகா மாதிரி வண்டின்னா டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கான்னும் பார்க்கச் சொல்லுங்க. பெல்ட் கோளாறுன்னா செலவு வேற. பெட்ரோலில் செய்ற மாதிரி சிலிண்டருக்குள் ஆயில் ஊத்திப் பார்க்க வேண்டாம். டீசலில் மேலே இடம் ரொம்பக் கம்மி; ஆயில் கூடினா கனெக்டிங் ராடே வளையலாம்.

ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸில் வந்த 1248 சிசி ஃபியட் இன்ஜினில் ஒரு சிக்கல் இருக்கு. பழைய க்ளோ ப்ளக் கழட்டும்போது உடைஞ்சு உள்ளேயே மாட்டிக்கலாம். உடைஞ்சா செலவு யாருதுன்னு முன்னாடியே பேசிக்குங்க. ஓனர் ஒத்துக்கலைன்னா, செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட்டர் இழுக்குற கரன்ட்டைக் கிளாம்ப் போட்டு அளக்குற ஷெட்டுக்குப் போங்க. கம்ப்ரஷன் குறைஞ்ச சிலிண்டர் முறைக்கு மட்டும் கரன்ட் குறையும். பார் கணக்கு தெரியாது, சொத்தையான சிலிண்டர் இருக்கான்னு தெரிஞ்சுடும்.

டெஸ்ட் கூலி உங்களோடது. மெக்கானிக் உங்க ஆளா இருக்கட்டும், ஓனர் காட்டுற ஆள் வேண்டாம். ஒரு சிலிண்டர்தான் குறைன்னா அந்த வேலைக்கு எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி, அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்க. நாலும் குறைஞ்சு, மேலே சொன்ன 1,40,000 வண்டின்னா 85,000-க்கு மேல் பேசாதீங்க. டெஸ்டுக்கே ஓனர் சம்மதிக்கலைன்னா அட்வான்ஸ் கொடுக்காதீங்க.