லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள்!

என் எட்டு வருட லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறாது என்கிறார் கடைக்காரர். ரேம் 4 ஜிபிதான். லினக்ஸ் போட்டால் ஓடுமா? உள்ளே இருக்கும் போட்டோக்கள் போய்விடுமா?
- வாசகி, தேனி

தாராளமாக ஓடும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. ஆகவே மாறுவது நல்லதுதான். உங்கள் 4 ஜிபிக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தோதானது.

எடுத்த எடுப்பில் நிறுவ வேண்டாம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் (காலியானதாக இருக்கட்டும்) ரூஃபஸ் மென்பொருளால் மின்ட்டை ஏற்றுங்கள். லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்12 அல்லது எஃப்9 விசையைத் தட்டி, பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே மின்ட் திறக்கும். கடையில் புடவையைத் தோளில் போட்டுப் பார்ப்பது மாதிரி; பிடித்தால் மட்டும் பில். வைஃபை, ஒலி, கேமரா மூன்றையும் சோதியுங்கள். கொஞ்சம் மந்தமாகத் தெரிந்தால் அது பென்டிரைவின் குணம், மின்ட்டைத் திட்டாதீர்கள்.

போட்டோக்கள்? நிறுவும்போது டிஸ்க் முழுவதையும் அழிக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் போய்விடும். முதலில் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்99 விசைப்பலகை, ஆபீஸ் வேலைக்கு லிப்ரே ஆபீஸ் எல்லாம் இலவசம். டாலியில் கணக்கு எழுதுபவர் என்றால் மட்டும் விண்டோஸையும் பக்கத்திலேயே விட்டுவையுங்கள். இரண்டும் ஒரே லேப்டாப்பில் குடியிருக்கும்.