தொழின்முறை மற்போரும் இரசிகர் மதிப்பீடும்

முடிவு முன்னரே அறுதியிடப்பட்ட போரொன்றைக் காணப் பல்லாயிரவர் பொருள் கொடுத்துக் கூடுவதும், கண்டபின் ‘இன்ன போர் நன்று, இன்ன போர் தீது’ எனத் தம்முள் வாதிடுவதும் முதற்கண் கேட்பார்க்கு வியப்பை விளைக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும், ஜப்பானிலும், மெக்ஸிகோவிலும் பெருவழக்கிலுள்ள தொழின்முறை மற்போர் இத்தகையது. வெல்வான் யாவன், தோற்பான் யாவன் என்பது மேடையேறுமுன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்க, அதனை மதிப்பிடுதற்குரிய அளவுகோல் யாது? வெற்றியன்று என்பது வெளிப்படை. ஆயின், அவ்விரசிகர் எதனைக் கண்டு மகிழ்கின்றனர், எதனைக் கண்டு வெகுள்கின்றனர் என்பதனை யாம் இக்கட்டுரையின்கண் ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

‘பொய்ப்போரை ஆராய்வது வீண்செயலன்றோ?’ என வினவுவாரும் உளர். இராமன் வெல்வான் என்பதை அறியாதார் நம்முள் யாவர்? அறிந்தும் ஆண்டுதோறும் அக்கதையைக் கேட்கின்றோம். சீதை சிறையிருந்த பகுதியில் கண்ணீர் உகுக்கின்றோம். முடிவை அறிதல் சுவையைக் கெடுப்பதன்று. நம் பண்டை நூலார் உலகியல் வழக்கென்றும் நாடக வழக்கென்றும் இரண்டு வழக்குகளைப் பிரித்தறிந்தனர். தொழின்முறை மற்போர் நாடக வழக்கின்பாற்படுவது. இதனை உணர்ந்துகொண்டால் ஐயம் தீரும்.

இது தொடக்கத்தில் இவ்வாறு இருந்ததில்லை. 1908-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் பிராங்க் காட்ச், ஜார்ஜ் ஹாக்கன்ஸ்மித் என்னும் மல்லரிருவர் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பொருதனர். அப்பொழுதின் பெரும்பகுதி இருவரும் நின்றபடியே ஒருவரையொருவர் பற்றித் தள்ளுவதிற் கழிந்தது. உண்மைப் போர் எப்போதும் கண்ணுக்கினிய காட்சியாக அமைவதில்லை. 1920-ஆம் ஆண்டுகளை ஒட்டி எட் லூயிஸ் என்னும் மல்லரும், பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் என்னும் ஏற்பாட்டாளரும் கூடிக் கால வரையறையையும் விரைந்த அசைவுகளையும் புகுத்திப் போரைக் காட்சிக்கலையாக்கினர் என்பர். 1957-இல் பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் என்பார், இது விளையாட்டன்று, காட்சியே என்று தம் கட்டுரையில் விளக்கினார். 1989-இல் இக்கலையை நடத்தும் பெரிய நிறுவனமொன்று நியூஜெர்சி மாகாணச் சட்டசபையின்முன், தம் தொழில் கேளிக்கையே எனத் தானே ஒப்புக்கொண்டது. அதன்பின்னரும் கூட்டம் குறைந்திலது.

நிற்க. இரசிகர் நோக்குவன இரண்டு: ஒன்று, ஆட்டத்தின் அமைப்பு, மற்றொன்று, ‘புக்கிங்’ என அவர் வழங்கும் கதையேற்பாடு. முன்னது ஓர் ஆட்டத்தினுள் எது முன், எது பின் என முறைப்படுத்துவது. பின்னது யாரை யாரோடு எப்போது மோதவிடுவது, யார் வெல்வது, அவ்வெற்றி எங்குக் கொண்டுசெல்வது எனத் திங்கட்கணக்கிற் கருதி அமைப்பது. முன்னதைத் தனிச்செய்யுளுக்கும் பின்னதைத் தொடர்நிலைச் செய்யுளுக்கும் ஒப்பிடலாம். ஒவ்வொரு பாட்டும் நன்றாயிருந்தும் காப்பியம் சிதைதல் கூடும். பாட்டுச் சில நொய்யவாயினும் காப்பியம் நிலைத்தலும் கூடும்.

முதலில் அமைப்பினைக் காண்போம். அமெரிக்க மரபில் ஓர் ஆட்டத்திற்கு உறுப்புகள் நான்கு. தொடக்கத்தில் நல்லோனாக வருபவன் தன் திறம் காட்டி மேம்படுவான். பின்னர்த் தீயோன் வஞ்சனையால் அவனை வீழ்த்தி நெடுநேரம் வருத்துவான். மூன்றாவதாக நல்லோன் எழுந்து மீள்வான். இறுதியில் முடிவு. இந்நான்கனுள் இரண்டாவதே உயிர்நிலை என்பர் அறிந்தோர். வருத்தம் நீளாவிடின் மீட்சி இனிக்காது. அளவின் மிக நீண்டால் அவையோர் சோர்வர். இருவர் இருவராய்ப் பொரும் ஆட்டத்தில் இஃது இன்னும் தெளிவாகும். ஒருவன் மேடையில் அடிபட, அவன் துணைவன் கயிற்றுக்கு வெளியே கைநீட்டி நிற்பான். அக்கையைத் தொட்டாலன்றி அவன் உட்புகலாகாது. அடிபட்டவன் ஊர்ந்து ஊர்ந்து விரலளவு அணுகுந்தோறும் தீயோர் இழுத்தெறிவர். கடைசியில் கை கையைத் தொடுங்கால் எழும் ஆரவாரத்திற்கு எல்லையில்லை. 1980-ஆம் ஆண்டுகளில் ராபர்ட் கிப்சன் என்பாரோடு இணைந்தாடிய ரிக்கி மார்ட்டன் இவ்வாறு அடிபடுவதில் தேர்ந்தவர்; மல்லரிடையே அப்பாத்திரத்திற்கே அவர் பெயர் வழங்கலாயிற்று.

அடிபடுதலும் ஒரு கலையே. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென வகுத்தார். அவற்றுள் அழுகையும் அச்சமும் பெருமிதமும் வெகுளியும் இம்மேடையில் மிகுதியும் பயில்வன. காலில் அடியுண்டவன் சிறிது பொழுதில் அதனை மறந்து துள்ளியோடுவானாயின் தேர்ந்த இரசிகன் முகஞ்சுளிப்பான். பத்து நிமிடம் எதிரி அக்காலை முறுக்கியதெல்லாம் பயனற்றதாயிற்றே என்பது அவன் குறை. வெல்லும் வேளையிலும் சற்றே நொண்டுவானாயின் அவனைப் போற்றுவான். முன் நிகழ்ந்தது பின் நிகழ்வதற்குக் காரணமாதல் வேண்டும் என்பதே இதன் விதி.

முடிவுப் பிடிகளின் மதிப்பினையும் அவர் உற்றுநோக்குவர். ஜப்பானில் கசுச்சிக்கா ஒகாடா, கென்னி ஒமேகா என்னும் இருவர் நான்கு முறை பொருத வரலாறு இதற்கு எடுத்துக்காட்டு. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் தோக்கியோவில் 46 நிமிடங்களுக்கு மேல் நிகழ்ந்த முதற்போரில், ஒமேகா தம் பெரும்பிடியை ஒருமுறையேனும் நிறைவேற்ற இயலாது தோற்றார். அவ்வாண்டு ஜூன் 11-ஆம் நாள் ஒசாக்காவில் அப்பிடி நிறைவேறியது. ஆயின் வீழ்ந்த ஒகாடாவின் கால் கயிற்றின்மேற் பட்டமையால் எண்ணிக்கை நின்றது. 60 நிமிடம் கழிந்து போர் சமனாயிற்று. ஆகஸ்டு 12-ஆம் நாள் அதே பிடியால் ஒமேகா வென்றார். ஆனால் அன்று பட்டம் பந்தயமாக வைக்கப்படவில்லை. 2018-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் கால வரையறையின்றி மூன்றில் இரண்டு வெல்லுமாறு நடந்த நான்காம் போரில், ஒகாடா 720 நாள் காத்த பட்டம் கைமாறிற்று. ஒரு பிடியைக் கருமி பொன்னைக் காப்பதுபோற் காத்து, உரிய காலத்துச் செலவிட்டமையே அக்கதையின் சிறப்பென்க.

இனி, அமைப்பும் ஏற்பாடும் வேறுவேறாக மதிக்கப்படுதலை ஒரே நாளில் நிகழ்ந்த இரண்டு போர்களாற் காட்டுவோம். 1987-ஆம் ஆண்டு மார்ச்சு 29-ஆம் நாள் மிச்சிகன் மாகாணத்துப் பாண்டியாக் நகரில் 93,173 பேர் கூடினர் என அறிவிக்கப்பட்டது. அவ்வெண் மிகையென்பாரும் உளர். அன்று ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் ஏறத்தாழக் கால்மணி நேரம் பொருதனர். ஒவ்வோர் அசைவையும் சாவேஜ் முன்கூட்டியே எழுதி ஒத்திகை பார்த்தவர். நொடிக்கு நொடி முடிவு வந்துவிட்டதெனத் தோன்றி விலகும் அப்போரினை அமைப்பிற்கு இலக்கணமாகவே இன்றுங் கொள்வர். முந்தைய ஆண்டு ஸ்டீம்போட்டின் குரல்வளையைச் சிதைத்ததாகக் காட்டப்பட்ட மணியையே சாவேஜ் மீண்டும் கையிலெடுத்ததும், அதுவே அவர் தோல்விக்கு வாயிலானதும் கதைக்கும் பொருந்தின.

அன்றிறுதியில் ஹல்க் ஹோகன், ஆந்த்ரே என்னும் பேருருவினரோடு பொருதார். ஆந்த்ரே முதுகுநோயால் நலிந்து, அசைதலும் அரிதாயிருந்தார். திறனாய்வாளர் மெல்ட்சர் இதற்குச் சுழியத்திற்கும் கீழான மதிப்பெண் இட்டார். ஆயினும், அன்று கூடியோருட் பெரும்பாலோர் காணவந்தது இப்போரினையே. யாம் கருதுமாறு, இதன் எலும்புக்கூடு செவ்விது. தொடக்கத்திலேயே ஹோகன் அப்பேருடலைத் தூக்க முயன்று, இயலாது தாம் அதன்கீழ் வீழ்ந்து, தோல்வியின் விளிம்புவரை சென்றார். இறுதியில் தூக்கியெறிந்தபோது அதனாற்றான் அரங்கு அதிர்ந்தது. பிடிகள் சிலவே, ஆயினும் ஒவ்வொன்றும் பொருளுடையது. மதிப்பெண்ணை மட்டும் நோக்குவார் இதனைக் காணத் தவறுவர்.

இரண்டும் ஒருங்கு கூடிய அருமை 1997-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாள் சிக்காகோவை அடுத்து வாய்த்தது. நல்லோனாய்ப் புகுந்த பிரெட் ஹார்ட், தீயோனாய்ப் புகுந்த ஸ்டீவ் ஆஸ்டினைக் காற்பூட்டில் மாட்டினார். முகமெல்லாம் குருதி வழிய, தோல்வியை ஒப்பாமலே ஆஸ்டின் மயங்கினார். போர் முடிந்தும் ஹார்ட் அவரை விடாது தாக்கினார். வென்றவரை அவையோர் இகழ்ந்தனர். தோற்றுத் தனியே நடந்து சென்றவரை வாழ்த்தினர். ஒரு சொல்லும் உரையாமல் ஓராட்டத்தினுள்ளேயே இருவர் நிலையும் மாறியது. இதனினும் சிறந்த ஏற்பாடு காண்டல் அரிது.

ஏற்பாடு பிழைத்த வரலாறும் அவ்வாண்டினதே. ஸ்டிங் என்பார் ஓராண்டுக்கு மேலாகப் பொராது, அரங்கின் உத்தரத்தில் நின்று ஹோகனை நோக்கியிருந்தார். டிசம்பர் 28-ஆம் நாள் வாஷிங்டனில் இருவரும் மோதினர். நடுவர் வஞ்சகமாக விரைந்து எண்ணினார் என்பது கதை. ஆனால் கண்டோர்க்கு அவ்வெண்ணிக்கை இயல்பானதாகவே தோன்றியது. எனவே ஸ்டிங் நேர்மையாகத் தோற்றபின் வெற்றி அவருக்கு வழங்கப்பட்டதுபோல் ஆயிற்று. ஓராண்டு வளர்த்த பயிர் ஒரு நொடியிற் கருகியது. நெடுங்கதை நடத்துவோன் அவையோரிடம் கடன்பட்டவன். தவணை வந்த நாளிற் கடனைத் தீர்க்காவிடின் அடுத்தமுறை நம்புவார் யார்?

அவையோர் அக்கடனைத் தாமே கேட்டுப் பெற்றதும் உண்டு. 2014-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரில் முப்பதின்மர் பொரும் பெரும்போரில், தாம் விரும்பிய டேனியல் பிரையன் வருவார் என மக்கள் காத்திருந்தனர். முப்பதாமவராக வேறொருவர் வரவும் அவரை இகழ்ந்து கூவினர். வென்ற படிஸ்டாவையும் இகழ்ந்தனர். ஏற்பாட்டாளர் தம் திட்டத்தை மாற்றவேண்டியதாயிற்று. ஏப்ரல் 6-ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸில் பிரையன் இரண்டு போர் வென்று பட்டம் பெற்றார்.

மதிப்பீட்டை எண்ணாற் குறிக்கும் வழக்கமும் வளர்ந்துள்ளது. டேவ் மெல்ட்சர் தம் செய்தி மடலில் ஐந்து விண்மீன்களை உச்சமாகக் கொண்டு ஆட்டங்களை அளந்து வந்தார். மேற்கூறிய ஒகாடா–ஒமேகா முதற்போருக்கு ஆறும், நான்காம் போருக்கு ஏழும் அளித்து அவ்வெல்லையையும் கடந்தார். எண்கள் நினைவிற்கு உதவுவன. மறந்துபோன நல்லாட்டங்களைப் பிற்காலத்தார் தேடிக் காண வழி செய்வன. ஆயின் எண்ணின்மேற் கண்வைப்பார், நீளமும் விரைவும் இடரும் மிக்க ஆட்டமே சிறந்ததென மயங்குதலும் உண்டு. ஈண்டுத்தான் நாம் நின்று சிந்தித்தல் வேண்டும்.

முடிவு புனைவாயினும் உடல் புனைவன்று. 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் தோக்கியோவில் கட்சுயோரி ஷிபாட்டா, ஒகாடாவின் தலையைத் தம் தலையால் உண்மையாகவே மோதினார்; நெற்றியிற் குருதி வழிந்தது. அரங்கம் ஆர்ப்பரித்தது, ஐந்து விண்மீன்களும் கிடைத்தன. போர் முடிந்தபின் அவர் மயங்கி வீழ்ந்தார். மூளையுறையின் கீழ்க் குருதி கட்டியமையால் அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. நெடுங்காலம் மேடையேற இயலாதவரானார். 1990-ஆம் ஆண்டுகளில் தலையும் கழுத்தும் தரையில் மோத வீழ்ந்தெழுந்து பெரும்புகழ் பெற்ற மிட்சுஹாரு மிசாவா, 2009-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் ஹிரோஷிமாவில் மேடையிலேயே வீழ்ந்து, தம் 46-ஆம் வயதில் உயிர் துறந்தார். மக்கள் குரலால் பட்டம் பெற்ற பிரையனும் கழுத்துக் காயத்தால் ஏறத்தாழ இரு திங்களில் அதனை இழந்தார்; பின்னர்த் தலைக்காயங்களால் 2016 முதல் இரண்டாண்டு விலகியிருந்தார். இரசிகரின் கைத்தட்டு எதனை நோக்கி எழுகின்றதோ அதனையே மல்லன் நாளையும் செய்வான். ஆதலின் மதிப்பிடுவோர் பொறுப்பிலிகள் அல்லர்.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன இவை: ஆட்டத்தில் முன்னது பின்னதற்குக் காரணமாதல் வேண்டும், முடிவு அதுவரை நிகழ்ந்ததனாற் பெறப்படுவதாதல் வேண்டும், நெடுங்கதை தான் அளித்த உறுதிமொழியைக் காத்தல் வேண்டும், இவற்றிற்காக மெய்யுடல் சிதைதல் கூடாது. நல்லிரசிகன் கயிற்றை நோக்கி நீளும் கையையும், வென்றபின்னும் நொண்டும் காலையும், எதிரியின் கழுத்தைத் தாங்கி மெல்ல இறக்கும் தோளையும் கண்டு மகிழ்வான். வலியுண்டாக்காமல் வலியைக் காட்டுவதே இக்கலையின் உச்சம். அதனை அறிந்து கைத்தட்டுவோர் பெருகுவராயின், அக்கலைஞரும் நெடுநாள் வாழ்ந்து தம் கலையை வளர்ப்பர் என்பது எம் துணிபு.