உயிரிழப்பற்ற ஊர்தி: விழிஞ்ஞம் உணர்த்தும் பாடம்

சாலை விபத்தில் எவரும் மாளலாகாது என்னும் விருப்பம், இன்று மோட்டார்த் தொழிலின் திட்ட இலக்காகவே வடிவெடுத்துள்ளது. 2020ஆம் ஆண்டுக்குள் தன் புதிய கார்களில் எவரும் உயிரிழக்கவோ படுகாயமுறவோ கூடாதென இலக்கு வகுத்தது சுவீடனின் வோல்வோ நிறுவனம். 1959இல் மூன்று முனை இருக்கை வாரைப் புகுத்திய நிறுவனம் இது. களைப்பும் கவனக்குறைவும் அறியாத கணிப்பொறி, கேமரா, ரேடார் ஆகியவற்றிடம் ஓட்டும் பொறுப்பைப் படிப்படியாக ஒப்படைப்பதே இத்தகைய முயற்சிகளின் அடிப்படையாகும். எனினும், தொழில்நுட்பம் மட்டும் போதாது. மிகுவேகம், குடிபோதை, கவனச்சிதறல் ஆகியவை எஞ்சி நிற்கின்றன என்று 2019இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது.

துறைமுகத்தின் உள்ளே

இத்தொழில்நுட்பம் எங்கு சிறக்கும், எங்கு தடுமாறும் என்பதை விழிஞ்ஞத்தில் காணலாம். 2025 மே 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இத்துறைமுகத்தின் பெட்டக முற்றத்தில், தண்டவாளத்தின்மீது இயங்கும் பாரந்தூக்கிகள் தானியங்கி முறையில் பணியாற்றுகின்றன. இயக்குநர்கள் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து திரை வழியே கண்காணிக்கின்றனர்; அவர்களுள் உள்ளூர்ப் பெண்களும் உளர். பளுவின் கீழ் மனிதர் நிற்க வேண்டிய தேவை குறைகிறது. இயந்திரத்தின் பாதை வரையறுக்கப்பட்டது. அதில் எதிர்பாராது குறுக்கிடுவோர் இலர். பாதுகாப்புக்கு இதுவே முதற்காரணம்.

துறைமுகத்தின் வெளியே

வெளியே நிலை வேறு. 2024 மார்ச்சில், இத்துறைமுகப் பணிக்காகக் கல் ஏற்றிச் சென்ற டிப்பர் லாரியிலிருந்து விழுந்த கல், ஸ்கூட்டரில் சென்ற கல்லூரி மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. லாரியைக் கணிப்பொறியே ஓட்டியிருப்பினும், சரிவர மூடிக் கட்டாத பாரம் விழவே செய்யும்.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர ஊர்தியில் சென்றோர். 19 பேருக்கு மேல் பாதசாரிகள். காருக்குள் இருப்போரை மட்டும் காக்கும் திட்டம் இவர்களைச் சென்றடையாது. 2018இல் அமெரிக்காவின் அரிசோனாவில், சோதனை ஓட்டத்திலிருந்த தானியங்கிக் கார், சைக்கிளைத் தள்ளியவாறு சாலையைக் கடந்த பெண் ஒருவர்மீது மோதி உயிரிழப்பை விளைவித்ததும் இங்கே நினைக்கத்தக்கது.

செய்ய வேண்டுவன

சுவீடன் பாராளுமன்றம் 1997இல் ஏற்ற உயிரிழப்பின்மைக் கொள்கை, ஓட்டுநரை மட்டுமன்றிச் சாலையையும் ஊர்தியையும் வடிவமைப்போரையும் பொறுப்பாளிகளாக்கியது. நமக்கும் வழி அதுவே. பாரவண்டிகளுக்குத் தனித்தடம், பளுவை மூடிக் கட்டுவதில் கண்டிப்பு, பாதசாரிகளுக்கு நடைபாதை, தலைக்கவசம், வேகக் கட்டுப்பாடு ஆகியவை புதிய கண்டுபிடிப்புகளுக்காகக் காத்திருக்க வேண்டியவை அல்ல. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் புதிய கார் மதிப்பீட்டுத் திட்டம் ஊர்தியின் தரத்தை வாங்குவோர் அறியச் செய்கிறது. சாலையின் தரமும் அவ்வாறே மதிப்பிடப்படுதல் வேண்டும்.

முற்றத்தினுள் இயந்திரத்துக்கு அமைத்துக் கொடுத்த ஒழுங்கை, வெளியே மனிதருக்கும் அமைத்துத் தருவதே திட்டமிடுவோரின் கடமையாகும்.