உள்ளூர்க்காரர் பெயரில் சுரங்கம், நம் பணம்: சட்டம் ஒப்புக்கொள்ளுமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறேன். டான்சானியாவில், தார் எஸ் ஸலாமில் கடை வைத்திருக்கும் என் மைத்துனர் மூலம் ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. கெய்ட்டா பகுதியில் உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தங்கச் சுரங்க உரிமம் இருக்கிறது. இயந்திரம் வாங்கப் பணமில்லை. நான் 60 லட்சம் ரூபாய் போட்டால் லாபத்தில் 70 சதவீதம் எனக்கு. வெளிநாட்டவர் பெயருக்கு உரிமத்தை மாற்ற முடியாதாம். அதனால் உரிமம் அவர் பெயரிலேயே இருக்கட்டும், நமக்குள் ஒப்பந்தம் போட்டு நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். இரண்டின் நகலையும் இணைத்திருக்கிறேன். துணிந்து இறங்கலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: உரிம நகலைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தேன். எண்ணுக்கு முன்னால் 'பி.எம்.எல்.' என்று இருக்கிறது. உங்கள் கேள்விக்கான பதிலில் முக்கால்வாசி அந்த மூன்று எழுத்திலேயே அடங்கிவிட்டது. அது சிறு சுரங்கத்துக்கான முதல்நிலை உரிமம். டான்சானியாவின் 2010-ஆம் ஆண்டு சுரங்கச் சட்டப்படி இந்த உரிமம் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. கூட்டு வியாபாரம் என்றால் கூட்டாளிகள் எல்லோரும் குடிமக்களாக இருக்க வேண்டும். கம்பெனி என்றால் பங்குதாரர், இயக்குநர் அத்தனை பேரும் குடிமக்களாக இருப்பதோடு, நிர்வாகமும் அந்த நாட்டுக்குள்ளிருந்தே நடக்க வேண்டும். அயல்நாட்டார் ஒரு சதவீதப் பங்குகூட வைத்துக்கொள்ள முடியாது.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன். எழுதியவர் கெட்டிக்காரர். 'உரிமதாரர் பெயரளவில் மட்டுமே உரிமையாளர். சுரங்கத்தின் கட்டுப்பாடும் வருமானமும் முதலீட்டாளரையே சாரும்' என்று நான்காவது பத்தியில் தெளிவாகவே எழுதிவிட்டார். உங்களைக் காப்பாற்றும் என்று நீங்கள் நம்பும் இந்தப் பத்திதான், வழக்கு என்று வந்தால் எதிராளியின் முதல் சாட்சி. அயல்நாட்டாருக்காக உள்ளூர்க்காரர் முகம் காட்டி சுரங்க ஆணையத்தை ஏமாற்றுவதை அந்நாட்டின் 2018-ஆம் ஆண்டு உள்ளூர்ப் பங்களிப்பு விதிகள் குற்றமாக்கியிருக்கின்றன. போதாக்குறைக்கு, அயல்நாட்டார் செய்யக் கூடாத தொழில்கள் என்று 2025-இல் வெளியான அரசாணையில் சிறு சுரங்கமும் இடம்பெற்றிருக்கிறது. மீறும் அயல்நாட்டாரின் விசாவும் தங்கும் அனுமதியும் ரத்தாகலாம். உடந்தையாக இருக்கும் குடிமகனுக்கும் தண்டனை உண்டு. நீங்கள் திருப்பூரில் உட்கார்ந்திருப்பீர்கள். அங்கே மாட்டிக்கொள்ளப்போகிறவர் உங்கள் மைத்துனர்.

'நோட்டரி முத்திரை இருக்கிறதே, பணத்தையாவது கோர்ட்டில் கேட்டு வாங்கலாமே' என்று நீங்கள் நினைக்கலாம். நம் ஊர் வக்கீலுக்கும் பழக்கமான சட்டம்தான் இங்கே குறுக்கே நிற்கிறது. டான்சானியாவின் ஒப்பந்தச் சட்டம் நம்முடைய 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் வார்ப்பு. பிரிவு எண்கள்கூடப் பல இடங்களில் மாறவில்லை. இரண்டிலும் 23-ஆவது பிரிவு சொல்வது ஒன்றுதான்: சட்டம் தடுத்த காரியத்துக்காகவோ, ஒரு சட்டத்தின் நோக்கத்தையே முறியடிப்பதற்காகவோ செய்துகொண்ட உடன்பாடு செல்லாது. செல்லாத உடன்பாட்டில் பெற்றதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் 65-ஆவது பிரிவும் இரண்டிலும் உண்டு. ஆனால் செல்லாது என்று தெரிந்தே பணம் கொடுத்தவருக்கு நீதிமன்றங்கள் அந்தக் கதவைச் சுலபத்தில் திறப்பதில்லை. தெரிந்தேதான் கொடுத்தீர்கள் என்பதற்கு நான்காவது பத்தி இருக்கிறது. உரிமதாரர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் காலமானால் வாரிசுகளிடம் எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்பீர்கள்?

நேர்வழி இல்லாமல் இல்லை. டான்சானியாவில் பதிவு செய்த கம்பெனி ஒன்றைத் தொடங்கலாம். கனிமம் தேடுவதற்கான உரிமத்தையோ, பி.எம்.எல்.லுக்கு அடுத்த நிலையான சுரங்க உரிமத்தையோ அதன் பெயரில் கேட்கலாம். உரிமதாரர் தன் பி.எம்.எல். உரிமத்தைச் சுரங்க உரிமமாக மாற்றித் தரும்படி சுரங்க ஆணையத்திடம் விண்ணப்பிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. மாற்றம் கிடைத்த பிறகு கம்பெனியில் நீங்கள் பகிரங்கமாகப் பங்குதாரர் ஆகலாம். யாருடைய முகமும் தேவையில்லை.

ஆனால் அப்போது உங்கள் 70-30 கணக்கை அடியோடு மாற்றி எழுத வேண்டியிருக்கும். 2017-இல் திருத்திய சட்டப்படி சுரங்க உரிமம் பெறும் கம்பெனியில் குறைந்தது 16 சதவீதப் பங்கு அரசுக்குப் போகும், அதுவும் இலவசமாக. பின்னால் எத்தனை புதுப் பங்கு வெளியிட்டாலும் அரசின் பங்கு தேயாது. வரிச்சலுகை ஏதாவது வாங்கினால் அதன் மதிப்புக்கு ஏற்ப, மொத்தத்தில் 50 சதவீதம் வரை அரசு பங்கு எடுத்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பங்களிப்பு விதிகளின்படி டான்சானியர் கம்பெனி ஒன்றுக்குக் குறைந்தது 5 சதவீதம் தனியே ஒதுக்க வேண்டும். ஆக, 100-இல் 79-தான் மற்றவர்கள் பிரித்துக்கொள்ள மிஞ்சும். உரிமதாரரின் பங்கும் அதற்குள்தான். தங்கத்துக்கு 6 சதவீத ராயல்டி, அதன்மேல் 1 சதவீதப் பரிசோதனைக் கட்டணம்; இவை லாபத்தின் மீது அல்ல, கனிமத்தின் மொத்த மதிப்பின் மீது. நஷ்டம் வந்த மாதத்திலும் கட்டியாக வேண்டும்.

'சின்ன முதலீட்டாளனிடம் இவ்வளவு கெடுபிடியா' என்று உங்கள் கடிதத்தின் கடைசியில் குறைப்பட்டிருக்கிறீர்கள். பெரியவர்களுக்கும் இதே கதைதான். உலகின் பெரிய தங்கக் கம்பெனிகளில் ஒன்றான பேரிக், 2017-இல் மூண்ட வரித் தகராறைத் தீர்க்க 30 கோடி டாலர் கொடுக்கவும், டான்சானியச் சுரங்கங்களில் 16 சதவீதத்தை அரசுக்கு விடவும் 2019-இல் ஒப்புக்கொண்டது. ட்விகா மினரல்ஸ் என்ற கூட்டு நிறுவனம் அப்படி வந்ததுதான். மண்ணுக்கு அடியில் இருப்பது மக்களுக்காகக் குடியரசுத் தலைவரின் பொறுப்பில் இருக்கும் சொத்து என்பது அந்நாட்டுச் சட்டத்தின் அடிப்படை. அதை ஏற்றுக்கொள்ள மனமில்லாதவர் அங்கே முதல் போடாமலிருப்பதே நல்லது.

தங்கத்தை விட்டு, மிரேரானியில் கிடைக்கும் டான்சனைட் பக்கம் போகலாம் என்று யாராவது ஆசை காட்டினால், அங்கே விதி இன்னும் இறுக்கம். ரத்தினக்கல் சுரங்கம் டான்சானியருக்கே உரியது. தனித் தொழில்நுட்பமோ பெருமுதலீடோ தேவை என்று அமைச்சர் கருதினால் மட்டும் அயல்நாட்டாருக்குப் பங்கு கிடைக்கும், அதுவும் 50 சதவீதத்துக்கு மேல் போகாது.

இந்தியப் பக்கத்தையும் நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. 'பாதியை மைத்துனர் அங்கே கொடுப்பார், நான் இங்கே அவர் வீட்டில் கொடுத்துவிடுவேன்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பெயர் ஹவாலா. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தில் தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். இந்தியாவில் குடியிருக்கும் தனிநபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வங்கி மூலம் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். உங்கள் 60 லட்சம் அந்த வரம்புக்குள் அடங்கும். 10 லட்சத்துக்கு மேற்படும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். பிடிக்கும், வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் 2022-ஆம் ஆண்டு வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, பணம் போக வேண்டியது வெளிநாட்டு நிறுவனத்தின் பங்குக்கு. ஒரு தனிமனிதரின் பி.எம்.எல். உரிமத்தில் போடும் பணம் அந்தக் கணக்கில் சேராது. வங்கிப் படிவத்தில் என்ன காரணம் எழுதினாலும் அது பொய்யாகத்தான் இருக்கும்.

கம்பெனி வழியில் போக முடிவெடுத்தால், டாங்கனீக்கா வழக்கறிஞர் சங்கத்தில் உள்ள, சுரங்க வழக்கு பழகிய ஒருவரை நீங்களே அமர்த்துங்கள். உரிமதாரர் சொல்லும் வக்கீல் வேண்டாம். சுரங்க ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் உரிம எண்ணைப் போட்டு, யார் பெயரில் இருக்கிறது, காலாவதி எப்போது, எல்லை எது என்று பார்க்கச் சொல்லுங்கள். மேல்மண்ணில் பயிர் செய்பவர் யார், அவருக்கு இழப்பீடு கொடுத்தாயிற்றா என்பதையும் விசாரிக்கச் சொல்லுங்கள். சுரங்க உரிமம் நிலத்தின் மீது பாத்தியதை தராது. அயல்நாட்டார் அங்கே நிலம் சொந்தமாக வாங்கவும் முடியாது.

இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் பணம் எதையும் அனுப்பாமல் உடனே எனக்கு எழுதுங்கள். மைத்துனரையும் அந்தச் சுரங்கப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.