தூங்க மட்டும்தானா அறை?

“ராத்திரி தூங்கத்தானே ரூம், அதுக்கு எதுக்கு அவ்வளவு செலவு?” பாரிஸுக்குக் கிளம்பும் குடும்பத்துக்கு உறவு வட்டத்தில் முதலில் கிடைக்கும் யோசனை இதுதான். 3, 4 வயதுக் குழந்தையோடு போகிறவர்களுக்கு இதைவிடக் கெடுதலான யோசனை கிடையாது. பயணத்தைக் குலைப்பது விமானமோ குளிரோ சாப்பாடோ அல்ல. விலை குறைவு என்று நகர எல்லைக்கு அப்பால் எடுத்த அறைதான். இதைச் சொன்னால் பணத்தின் அருமை தெரியாத பேச்சு என்கிறார்கள். பணக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நேர வித்தியாசத்திலிருந்து தொடங்குவோம். கோடையில் பாரிஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் நாலரை. ஊரில் காலை 7 மணிக்கு விழிக்கும் குழந்தை, கோடைகாலப் பாரிஸில் அதிகாலை 3.30க்கு எழுந்து உட்காரும். இங்கே மதியம் 1 மணிக்குத் தூங்கிப் பழகியதற்கு அங்கே 9.30க்கே கண் சொருகும். லூவ்ர் அருங்காட்சியகம் திறப்பது 9 மணிக்கு. வரிசை நகர்ந்து உள்ளே நுழையும்போது குழந்தைக்குத் தூக்க நேரம். மாலையிலும் இதே கதைதான். அங்கே பல உணவகங்களில் இரவுச் சமையல் தொடங்குவதே 7 மணி வாக்கில், அதாவது நம் ஊர் 10.30. உடம்பு பழக நாலைந்து நாள் பிடிக்கும். ஒரு வாரப் பயணத்தில் அது பாதிக்கு மேல். ஆக, பகலில் ஒரு முறையாவது அறைக்குத் திரும்பியே ஆக வேண்டும். இதை ஒப்புக்கொண்டவுடன் ‘தூங்க மட்டும்’ என்ற வாதம் விழுந்துவிடுகிறது. அந்த அறைதான் குழந்தையின் சாப்பாட்டுக்கூடம், மதியத் தூக்கம், உடை மாற்றும் இடம், அழுகை அடங்கும் இடம் எல்லாம்.

“மெட்ரோவில் அரை மணி நேரம்தானே?” என்பார்கள். பாரிஸ் மெட்ரோ 1900இல் ஓடத் தொடங்கியது. பழைய தடங்களில் பெரும்பாலான நிலையங்களுக்கு லிஃப்ட் கிடையாது. 1998இல் வந்த 14ஆம் தடத்தில்தான் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு. மற்ற இடங்களில் நடப்பது இதுதான்: ஒருவர் குழந்தையைத் தூக்க, மற்றவர் ஸ்ட்ரோலரை மடித்துத் தோளில் மாட்டிக்கொண்டு, குறுகலான டிக்கெட் கதவில் பக்கவாட்டாக நுழைந்து, படி இறங்கி, நீண்ட சுரங்கப் பாதையில் நடந்து, மறுபடி படி ஏறி. ஷாட்லே போன்ற பெரிய சந்திப்பில் தடம் மாறுவதே ஒரு தனி நடை. அந்த அரை மணி நேரத்தில் ரயிலுக்குள் இருப்பது பாதிதான். பேருந்து எவ்வளவோ மேல். தளம் தாழ்ந்தது, நடுக்கதவு வழியே ஸ்ட்ரோலரோடு ஏறலாம், குழந்தை ஜன்னல் வழியே ஊரைப் பார்த்துக்கொண்டு வரும். ஈஃபிள் கோபுரத்தின் அருகிலுள்ள ஷான் த மார்ஸிலிருந்து லூவ்ர், பஸ்தீய் வழியாகப் போகும் 69ஆம் எண் பேருந்து எந்தச் சுற்றுலாப் பேருந்துக்கும் சளைத்ததல்ல. ஆனால் பேருந்து பயன்படுவதும் நகரின் நடுவில் தங்கியவர்களுக்கே.

இனி பணம். 2025 கட்டணப்படி மெட்ரோவில் ஒரு முறை போக 2.50 யூரோ, 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். மதியம் திரும்பி மாலை மறுபடி கிளம்பினால் பெரியவர்கள் இருவருக்கு நாளொன்றுக்கு எட்டுப் பயணம், 20 யூரோ. வாரப் பாஸ் எடுத்தால் இது குறையும், படிக்கட்டுகள் குறையாது. அதோடு வெளியே சாப்பிடும் மூன்று வேளை. சமையலறை உள்ள சின்ன அப்பார்ட்மென்ட் நடுவில் கிடைத்தால் சாதம், தயிர், முட்டை என்று இரண்டு வேளை அங்கேயே முடியும். வாடகையில் போவதில் நல்ல பங்கு இப்படித் திரும்பி வரும். “நம்ம சாப்பாடு கிடைக்கும், லா சப்பலில் தங்குங்கள்” என்பதும் நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த அந்தத் தெருக்களுக்கு ஒரு நாள் போய் அரிசியும் பருப்பும் வாங்கி வந்தால் வாரத்துக்குப் போதும். தினமும் போக வேண்டியது குழந்தை ஓடி விளையாடும் இடத்துக்கு.

அந்த இடம் லுக்சம்பூர் தோட்டம் அல்லது ழார்தான் தே பிளாந்த். லுக்சம்பூரின் குளத்தில் மரப் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, நீண்ட குச்சியால் தள்ளி விடலாம். அங்குள்ள பழைய ராட்டினத்தில் பிள்ளைகள் கையில் குச்சியோடு அமர்ந்து, சுற்றிவரும்போது தொங்கும் வளையத்தைக் குத்தி எடுக்கிறார்கள். ஒரு வளையத்துக்காக நாலு முறை ஏறும் குழந்தைகள் உண்டு. ழார்தான் தே பிளாந்தில் 1794இல் தொடங்கிய விலங்குக்காட்சிச் சாலையும், யானையும் ஒட்டகச்சிவிங்கியும் அணிவகுத்து நிற்கும் பரிணாமக் கூடமும் இருக்கின்றன. இரண்டு தோட்டங்களுக்கும் இடையே 2 கிலோமீட்டர்கூட இல்லை. “அவ்வளவு தூரம் போய்ப் பூங்காவா?” என்று கேட்பவர்கள், பூட்டிய கடைகள் முன்னால் அழும் குழந்தையோடு காலையில் நின்று பார்க்கட்டும். குழந்தைக்குப் பின்னால் நினைவிருக்குமா என்பது இரண்டாம்பட்சம். அது நிம்மதியாக இருந்தால்தான் பெற்றோர் ஒருவர் மாற்றி ஒருவர் ஓர்சே அருங்காட்சியகத்துக்குள் இரண்டு மணி நேரம் நிற்க முடியும்.

விசா, காப்பீடு, விமானச் சீட்டு எல்லாம் வழக்கம்போலத்தான். 6 வயதுக்குக் கீழ் ஷெங்கன் விசாக் கட்டணம் இல்லை. கவனமெல்லாம் அறையில் இருக்கட்டும். கட்டடத்தில் லிஃப்ட் உண்டா, அதில் ஸ்ட்ரோலர் நுழையுமா என்று எழுதிக் கேளுங்கள். அங்கே முதல் மாடி என்பது தரைத்தளத்துக்கு மேல்தான் தொடங்குகிறது. பணம் கட்டும் முன் வரைபடத்தில் அறையிலிருந்து தோட்டத்துக்கு எத்தனை நிமிட நடை என்று பாருங்கள். 15 நிமிடத்துக்கு மேல் காட்டினால் அந்த அறை வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.