ஒரு பெயரும் முக்கால் மணி நேரமும்

உத்தியோகமும் படிப்பும் குடும்பப் பொறுப்பும் மனத்துக்குகந்த ஒரு பொழுதுபோக்குமாகச் சேர்ந்து நாளின் 24 மணி நேரத்தையும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டுவிட்ட பிறகு, போரில் உயிர் நீத்த வீரர்களை நினைப்பதற்கென்று அவகாசத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்று மெய்யான கவலையோடு கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தராக இருக்கிறேன்; தொலைநிலைக் கல்வியில் சரித்திரம் எம்.ஏ. படிக்கிறேன், வீட்டில் கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள், கொல்லையில் பத்துப் பன்னிரண்டு பூச்செடிகள். இவற்றில் எதையும் குறைத்துக்கொள்ளாமலே மூன்று வருஷமாக ஒரு சிறு நியமத்தை நடத்திவருகிறேன் என்பதுதான் இதைச் சொல்வதற்கு எனக்குள்ள தகுதி.

முதலில் செய்யவேண்டியது சங்கற்பம் அன்று, கணக்கு. ஒரு வாரம் முழுவதும், எந்த நேரத்தில் என்ன செய்தோம் என்பதை ஒரு நோட்டில் உள்ளது உள்ளபடி எழுதி வாருங்கள். அப்படி எழுதிப் பார்த்தபோது, சனிக்கிழமை மாலையில் இட்லிக்கு மாவு அரைக்கும் நேரம் என் கண்ணில் பட்டது. உளுந்து அரைபட அரை மணி, அரிசி அரைபட அதற்குச் சற்றுக் குறைவு. கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்க, இடையிடையே எழுந்து தண்ணீர் தெளித்து, ஓரத்தில் ஒட்டிய மாவை வழித்துத் தள்ளுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. அடுப்பங்கரையை விட்டு அகலவும் முடியாது. எழுந்து உட்காரும் நேரத்தைக் கழித்தால் முக்கால் மணி நேரம் மீந்தது. அன்றிலிருந்து அதுவே வீரர்களுக்கான நேரமாயிற்று. உங்களுக்கு அது பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும் நேரமாகவோ, பேருந்தில் போகும் நேரமாகவோ இருக்கலாம். தவிர்க்க முடியாத வேறொரு காரியத்தோடு முடிச்சுப் போட்ட பழக்கம் எளிதில் அறுந்துபோவதில்லை. மாவு அரைக்காமல் எந்த வீட்டிலும் வாரம் கழிவதில்லை அல்லவா? தூக்கத்திலிருந்து மட்டும் இந்த நேரத்தைத் திருடவேண்டாம்; அப்படித் தொடங்கியது இரண்டு மாதம்கூட நிலைக்காது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இரண்டாவது, ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொள்வது. முதல் உலகப் போரில் இறந்த இந்தியர் 74,000 பேருக்கு மேல் என்று படிக்கிறோம். புதுடெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இத்தனை பேரையும் ஒருசேர நினைக்க முயலும் மனம், கடற்கரையில் நின்று அலைகளை எண்ணப் புகுந்த குழந்தையைப்போலச் சிறிது நேரத்தில் களைத்துத் திரும்பிவிடும். எண்ணிக்கைக்கு வேறொரு குற்றமும் உண்டு. இராக்கிலுள்ள பஸ்ரா நினைவுச்சின்னத்தை எழுப்பியபோது பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்களைப் பொறித்தார்கள், இந்திய அதிகாரிகளின் பெயர்களையும் பொறித்தார்கள். ஆனால் இந்தியச் சாதாரணச் சிப்பாய்கள் 33,000க்கும் மேற்பட்டவர்களை, இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணாக மட்டுமே எழுதி முடித்துவிட்டார்கள். இதைப் படித்த அன்று என்னால் பாடத்தை மேலே தொடர முடியவில்லை. நினைவுகூர்தல் என்ற காரியத்தின் சாரமே எண்ணாகிவிட்ட மனிதனைத் திரும்பப் பெயராக்குவதுதான் என்ற எண்ணம் அன்றுதான் எனக்கு வந்தது.

பெயரைத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் திகைப்பவர்கள், சென்னைக்கு அருகில் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வரலாம். 1952இல் அமைக்கப்பட்ட அந்த இடத்தில் இரண்டாம் உலகப் போரைச் சேர்ந்த 856 கல்லறைகள் உள்ளன. பதவியின் உயர்வு தாழ்வு பாராமல் ஒரே அளவான கற்கள். ஆளுக்கொரு கல்லின் முன் நின்று பெயரையும் வயதையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் வயதில் சிலர் இறந்திருப்பது அப்போது புலப்படும்.

ஆனால் என் சிபாரிசு, சொந்த ஊரிலிருந்தே ஒரு பெயரைத் தேடவேண்டும் என்பது. மேஜர் சரவணனையும் மேஜர் முகுந்த் வரதராஜனையும் தமிழ்நாடு அறியும். அவர்களை நினைவூட்டச் சிலையும் செய்தித்தாளும் சினிமாவும் உண்டு. பக்கத்துத் தெருவிலிருந்து போய்த் திரும்பி வராத சிப்பாயைத் தேடவேண்டியது நாம்தான். இந்தத் தேடல் நம் நாட்டுக்குப் புதியதுமன்று. நடுகல் எடுக்கும் முறையை ஆறு துறைகளாகத் தொல்காப்பியம் வகுக்கிறது: தகுந்த கல்லைக் கண்டறிதல், அதைக் கொள்ளுதல், நீராட்டுதல், நடுதல், படையல் இடுதல், கடைசியில் வாழ்த்துதல். இந்த வரிசையைப் பாருங்கள். வாழ்த்துக்கு முன்னே ஐந்து நிலைகளும் கால் நடந்தும் கை உழைத்தும் செய்யவேண்டிய வேலைகள். எங்கள் பழைய வட ஆற்காட்டுப் பகுதியில், செங்கத்தைச் சுற்றி, பல்லவர் காலத்து நடுகற்கள் இன்றும் நிற்கின்றன. கால்நடை மீட்கப் போய் மாண்டவனுடைய பெயர் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்குப் பின்னும் அவற்றில் வாசிக்கக் கிடைக்கிறது. நூறு வருஷத்துக்கு முன் கப்பலேறிப் போனவனுடைய பெயர்தான் கிடைப்பதில்லை.

தேட ஆரம்பிக்க நல்ல இடம், ஊரின் பழைய பள்ளிக்கூடச் சுவர், தாலுகா அலுவலகம், சத்திரம், மணிக்கூண்டு முதலியவை. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும் போருக்குச் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று சொல்லும் சிறிய சலவைக்கல் பலகைகளைப் பிரிட்டிஷ் அரசாங்கம் பல ஊர்களில் பதித்துவைத்தது. என் தாய்வீட்டு ஊரின் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு பலகை உண்டென்று எனக்கு முப்பத்தெட்டு வயது வரைக்கும் தெரியாது. ஐந்து வருஷம் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் படித்தேன். வருஷந்தோறும் அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு எழுத்துப் பள்ளங்களையெல்லாம் மூடியிருந்தது. தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, பொழுது சாய்ந்த பிறகு போய், டார்ச் விளக்கைக் கல்லுக்கு நேரே பிடிக்காமல் சுவரை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தேன். நேரே பிடித்தபோது வெறும் வெள்ளையாக இருந்த பரப்பில், சாய்ந்த வெளிச்சம் பட்டதும், ஒவ்வோர் எழுத்தின் ஓரத்திலும் மெல்லிய நிழல் விழுந்து வரி வரியாக எழுந்து நின்றது. சென்றவர் 19; உயிர் நீத்தவர் 2. பெயர் இல்லை.

அத்தகைய பலகையைச் சுத்தம் செய்ய விரும்புவோர் சில விஷயங்களில் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். சலவைக்கல்லைப் புளிப்பு தின்றுவிடும். ஆகையால் எலுமிச்சை, புளி, ஆசிட் இவற்றில் எதுவும் அருகில் வரக்கூடாது. பிளீச்சிங் பவுடர், உப்புத்தாள், கத்தி, கம்பி பிரஷ் ஆகியவையும் வேண்டாம். முதலில் உள்ளபடியே படம் எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரால் சுண்ணாம்பை நன்றாக ஊறவைத்து, மெல்லிய பல் துலக்கும் பிரஷாலும் மூங்கில் குச்சியாலும் சிறிது சிறிதாக எடுக்கவேண்டும். எழுத்துக்குப் புதிய பெயின்ட் பூசும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். எனக்கு இந்த வேலைக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருவர் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

எண் கிடைத்த பிறகு பெயரைத் தேடுவது மாவு அரைபடும் நேரத்து வேலை. 1917இல் தொடங்கப்பட்டு இன்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று வழங்கும் ஸ்தாபனத்தின் பதிவேட்டை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். சில பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும் ஜில்லாவும் இருக்கும். இதில் இரண்டு இடறல்கள் உண்டு. நம் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தவாறு எழுதிவைத்தார்கள்; முனுசாமி ஒருவரையே நாலைந்து எழுத்துக்கூட்டலில் தேடவேண்டியிருக்கும். அடுத்தது ஜில்லா. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல் தர்மபுரியிலிருந்து பிரிந்தது, தர்மபுரி 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது. ஆகவே கிருஷ்ணகிரிக்காரரைப் பதிவேட்டில் சேலத்துக்காரராகத்தான் தேடவேண்டும். எங்கள் பக்கத்தவர்களுக்கு வட ஆற்காடு. சுதந்திரத்துக்குப் பிந்திய போர்களில் இறந்தவர்களைப் பற்றி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்; மெட்ராஸ் ரெஜிமென்டின் தலைமையிடம் குன்னூரை அடுத்த வெலிங்டனிலும் மெட்ராஸ் ஸாப்பர்ஸ் படையின் தலைமையிடம் பெங்களூரிலும் இருக்கின்றன. இவற்றையெல்லாம் விட, ஊரில் ஓய்வுபெற்ற ஒரு சுபேதாரோடு திண்ணையில் அரை மணி பேசுவது பெரும்பாலும் அதிகப் பிரயோஜனம் தரும்.

அது வெள்ளைக்காரனுடைய யுத்தந்தானே, அதில் செத்தவர்களுக்கு நாம் ஏன் விளக்கேற்றவேண்டும் என்று என் கணவரே முதலில் கேட்டார். நியாயமான கேள்வி. யுத்தம் எவனுடையதாக இருந்தாலும், தபால்காரர் கொண்டுவந்த கடிதத்தைப் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டு அழுத தாய் நம் ஊர்த் தாய் என்று பதில் சொன்னேன். அதற்கு மேல் எங்களுக்குள் விவாதம் எழவில்லை.

பெயர் கிடைத்தால் அதற்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, தகப்பனார் பெயர், ஊர், படைப்பிரிவு, இறந்த தேதி, இடம் ஆகியவற்றை எழுதி, ஜனவரி மாதம் புதுத் தினசரி காலண்டர் வந்தவுடனே அந்தத் தேதித் தாளில் பெயரைக் குறித்துவிடவேண்டும். அந்த நாளில் விளக்கேற்றும்போது பெயரையும் ஊரையும் ஒரு முறை உரக்கச் சொன்னால் போதும். பிள்ளைகள் கேட்டால் கதையைச் சொல்லலாம், கேட்காவிட்டால் வற்புறுத்தவேண்டாம். 1949 முதல் டிசம்பர் 7ஆம் தேதி படைவீரர் கொடி நாள். அன்று உண்டியலில் போடுவதை வீட்டுச் செலவுக் கணக்கில் முன்கூட்டியே ஒதுக்கிவிடுவது உசிதம்.

பரீட்சை மாதங்களில் என்ன செய்வது? நியமத்தை நிறுத்தாமல் சுருக்கிக்கொள்ளவேண்டும். அந்த இரண்டு மாதமும் நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தைப் படித்து மூடிவிட்டு, மிச்ச நேரத்தில் பாடத்தைப் படிக்கிறேன். பொழுதுபோக்கைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தோட்டத்துச் செடி ஒவ்வொன்றுக்கும் ஒரு வீரர் பெயரை வைக்கலாமே என்று சிநேகிதி ஒருத்தி யோசனை சொன்னாள். எனக்குச் சம்மதமில்லை. நந்தியாவட்டை நந்தியாவட்டையாகவே இருக்கட்டும். கடமையின் நிழல் படாத ஓர் இடம் மனிதருக்கு வேண்டும், அது இருந்தால்தான் கடமைக்குத் திரும்பி வரவும் தெம்பு உண்டாகும்.

உத்தியோகம் மட்டும் தானாகவே இதில் வந்து கலந்துவிட்டது. ஓய்வூதியக்காரர்கள் வருஷந்தோறும் நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்கவேண்டும். கவுன்ட்டருக்கு வெளியே நாற்காலி போதாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பாட்டி, 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில் கணவரை இழந்தவர். வயல் வேலையில் ரேகை தேய்ந்த கட்டைவிரலைக் கருவி ஏற்கவில்லை. துடைத்துத் துடைத்து நான்கு முறை வைத்தார். கைப்பேசியில் முகத்தைக் காட்டியே சான்று பதியும் வசதி வந்துவிட்டதால் அப்படியே பதிந்து கொடுத்துவிட்டு, “பாட்டி, தாத்தா பேர் என்ன?” என்று கேட்டேன். படிவத்துக்காகக் கேட்கிறேனென்று நினைத்துப் புத்தகத்தை நீட்டினார். “இல்லை பாட்டி, சும்மா தெரிஞ்சுக்கத்தான்” என்றேன். சற்று நேரம் என்னையே பார்த்துவிட்டு, “எல்லாரும் பென்ஷன் நம்பரைத்தான் கண்ணு கேப்பாங்க” என்று சொல்லி, புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கமில்லாதவராகையால், பக்கத்தில் நின்ற பேரனைச் சொல்லச் சொன்னார்.

அத்தகைய குடும்பங்களைப் பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகாமல் பழமோ பூவோ வாங்கிப் போங்கள். எப்படி இறந்தார் என்று கேட்காமல், எப்படி இருந்தார், என்ன சாப்பிடப் பிடிக்கும், லீவில் வந்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள். திரும்புமுன், எழுதவேண்டிய மனு ஏதாவது உண்டா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் ஒன்று இருக்கும். 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே சான்று கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதைச் சொல்லிவிட்டு வந்தாலே ஒரு மாதத்து அலைச்சல் மிச்சம்.

என் ஊர்ப் பலகையின் இருவரில் ஒருவர் பெயர், சேலத்தையும் வட ஆற்காட்டையும் மாறி மாறித் தேடி, ஏழாம் மாதத்தில் கிடைத்தது. தகப்பனார் பெயரும் ஊரும் பொருந்தின. அவருடைய பேரன்மார் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார்கள், அவர்களுக்கே அது தெரியாது. பதிவேட்டின் நகலை எடுத்துப் போய்க் கொடுத்தேன், பூஜை அலமாரியில் வைத்திருக்கிறார்கள். மற்றவருக்காக ஒதுக்கிய பக்கத்தில் ஊரின் பெயர் மட்டும் இருக்கிறது. ஊர்ப் பெயரையே எழுத்தர் வேறு விதமாக எழுதியிருக்கக்கூடும் என்று சுபேதார் ஐயா சொல்கிறார். நாளை சனிக்கிழமை, உளுந்தை ஊறப் போட்டுவிட்டு அந்த வழியில் தேடிப் பார்க்கவேண்டும்.