எலி வேட்டை யாருடைய வேலை?

கேள்வி: அறுப்பு முடிந்ததும் எங்கள் கெடிலக்கரை வயல்களுக்கு இருளர் குடும்பங்கள் எலி பிடிக்க வருகின்றன. ஆணோடு பெண்ணும் சேர்ந்து வளை தோண்டுகிறார். வேட்டை ஆணின் வேலை, கிழங்கும் கீரையும் தேடுவது பெண்ணின் வேலை என்றுதானே படித்தோம்? இது இந்தக் காலத்து மாற்றமா? எலி அகப்பட்ட பிறகும் பெண்கள் அந்தக் குழியை விடாமல் கிளறுவது ஏன்?
— வாசகி, திருவதிகை

பதில்: வரப்பில் நின்று பார்த்ததை வைத்துப் பாடப்புத்தகத்தையே சந்தேகித்திருக்கிறீர்கள், அம்மா. மிக நல்ல சந்தேகம். மானிடவியலுக்கு, அதாவது மனிதக் குழுக்களின் வாழ்முறையை ஆராயும் துறைக்கு, இது வர வெகுகாலம் ஆனது. 1966-இல் சிகாகோவில் நடந்த புகழ்பெற்ற மாநாட்டின் பெயரிலேயே மனிதன் வேட்டைக்காரனாக, அதுவும் ஆண்பாலில், நின்றான். கலகாரி பாலைவன மக்களின் உணவில் பெரும்பங்கு பெண்கள் கொண்டுவந்த தாவரங்களே என்ற செய்தியும் அதே மாநாட்டில்தான் பேசப்பட்டது. ஆனாலும் ஆணுக்கு வேட்டை, பெண்ணுக்குச் சேகரிப்பு என்ற கோடு அழியவில்லை.

அந்தக் கோட்டை நம் பழைய இலக்கியமே மதிக்கவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர், அதாவது பாலைநில எயினர் குடிப் பெண்கள், இரும்புப் பூண் கட்டிய கோலால் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கிறார்கள். இது பெண்ணின் வேலைதானே என்பீர்கள். நற்றிணையின் 59-ஆம் பாட்டைப் பாருங்கள். அங்கே வேட்டுவன், ஆண்தான், உடும்பு பிடிக்கிறான், முயல் அடிக்கிறான். மண்ணைத் தோண்டித் தவளை எடுக்கிறான், புற்றைக் கிண்டி ஈசலும் சேர்க்கிறான். தோண்டுகோல் இரண்டு பேர் கையிலும் இருந்திருக்கிறது.

இனி உங்கள் வயலுக்கு வருவோம். வரப்பெலியின் வளைக்கு வாசல் ஒன்றல்ல. உள்ளே எலி இருக்கும் வளையின் வாய் புதுமண்ணால் அடைத்திருக்கும். ஆபத்து வந்தால் தப்பிக்க வேறு பக்கங்களில் வழிகள் இருக்கும். ஒருவர் புதுமண்ணை அடையாளம் காண வேண்டும், ஒருவர் மற்ற வழிகளை அடைக்க வேண்டும், ஒருவர் ஓட்டைப் பானையில் வைக்கோலைப் பற்றவைத்துப் புகையை உள்ளே ஊத வேண்டும், ஒருவர் கடப்பாரை போட வேண்டும். மூச்சுமுட்டி வெளியே பாயும் எலியைப் பிடிக்கவும் ஒரு கை வேண்டும். தனி ஆளால் ஆகிற காரியமில்லை. ஆகவே குடும்பமே வேட்டைக்குழு ஆகிறது; குழந்தையும் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொள்கிறது.

உங்கள் மாவட்டத்திலேயே இன்னொரு காட்சி உண்டு. சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளை, பிச்சாவரம் பக்கத்துக் கழிகளில் இருளர் ஆண்களும் பெண்களும் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள், இரண்டு கையும் தேடுவதற்கு வேண்டுமே! பாம்பிலும் இதே கதை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வியாபாரம் முடங்கியது. 1978-இல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், விஷமுறிவு மருந்துக்கான விஷத்தை எடுத்து விற்கிறது. அதில் பெண்களும் உறுப்பினர்கள். நாகத்தையும் கண்ணாடி விரியனையும் கணவனும் மனைவியுமாகத் தேடிப் போகிற வழக்கமும் உண்டு.

அப்படியானால் வேலையைப் பிரிப்பது எது? விலங்கின் அளவு என்று சொல்லத் தோன்றும். பிலிப்பைன்சின் லூசோன் தீவில் அக்தா பெண்கள் வில்லும் நாயுமாகக் காட்டுப்பன்றியையும் மானையும் வேட்டையாடியதை 1980-களில் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள்; அதனால் அந்தப் பதில் நிற்காது. மேற்கு ஆஸ்திரேலியப் பாலையின் மார்டு மக்களிடம் தெளிவான பதில் கிடைக்கிறது. அங்கே பெண்கள் புல்லைக் கொளுத்தி, வளையைக் கண்டு, கோலால் தோண்டி உடும்பு பிடிக்கிறார்கள். அது ஏறக்குறைய தினமும் கிடைக்கும். ஆண்கள் கங்காருவைத் துரத்திப் பல நாள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். தூரம், கையில் இருக்கும் கருவி, மடியில் இருக்கும் குழந்தை, அன்றைக்கு உலை வைக்க முடியுமா என்ற நிச்சயம், இவைதான் பிரிக்கின்றன. கருவி மாறினால் பிரிவும் மாறும்: நரிக்குறவரிடம் நாட்டுத் துப்பாக்கி ஆண் கையில் இருந்தது, பெண்கள் பாசிமணி கோத்து விற்றார்கள். வேட்டையாடியவையோ கௌதாரி, காடை போன்ற சிறு உயிர்கள்தாம்.

ஈட்டியும் துப்பாக்கியும் இருந்தால்தான் வேட்டை என்று எழுதியவர்கள், பானையும் கடப்பாரையும் பறியும் ஏந்தியதைச் சேகரிப்பு என்றே எழுதிவைத்தார்கள். பெண்ணின் வேட்டை கணக்கில் வராமல் போனதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் துணிபு.

குழியைக் கிளறும் காரணம் கேட்டீர்கள். வரப்பெலி முற்றிய கதிரைக் கடித்து இழுத்துப்போய் வளையின் அடியில் அடுக்கிவைக்கும். எலியைப் பிடித்த கையோடு அந்தக் கதிர்களையும் எடுத்து, மண் உதறி, கசக்கிப் புடைத்தால் நெல். அடுத்த அறுப்பில் முறத்தோடு வந்திருப்பவரிடம் கேளுங்கள், ஒரு வளையில் எத்தனை படி கண்டிருக்கிறார் என்று சொல்வார்.